யாரிடம் தோற்றாய்?



பரீட்சை முடிவு வரும் நாளில் தமிழ்நாட்டுப் பிள்ளை ‘பெயில்’ ஆகிறான்; மலையாள வழக்கோடு வளரும் நம் திருவனந்தபுரத்துப் பிள்ளையோ ‘தோற்றுப்போகிறான்’. சென்ற மாதம் என் மகன் அவ்வாறு சொல்லி அழ, ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், “யாரிடமடா தோற்றாய்?” என்று கேட்டார். பையன் விழித்தான்.

தோற்பதற்கு எதிரி ஒருவன் வேண்டும், பெயிலுக்கு வேண்டியதில்லை. ஏமாற்றுதலைக் குறித்த ‘ஃபால்லரே’ என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்து, குறைபடுதல், எட்டாமற்போதல் எனப் பொருள் கொண்டது. கணக்கில் 5 மதிப்பெண் எட்டவில்லை, நடந்தது அவ்வளவே.

‘தவறினான்’ என்ற நல்ல தமிழ்ச்சொல்லும் உண்டு. இறந்தோரையும் ‘தவறிவிட்டார்’ என்கிறோமாதலால், தாய்மார்கள் அதற்கு இசையார். ஆகவே எங்கள் வீட்டில் ‘எட்டவில்லை’ என்றே வழங்குகிறோம். பையன் மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.