பழைய பைக் வாங்கும் முன்
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவருக்கு பைக் ஆடம்பரமல்ல. பழைய வண்டி மலிவாக வந்தால் முதலில் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) பாருங்கள். பதிவு 15 ஆண்டுதான் செல்லும்; பிறகு ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2012-இல் பதிவானதென்றால் 2027-இல் புதுப்பிக்கும் செலவு வரும். விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35 இல்லாமல் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்து வேண்டும்.

எண்ணூர், பழவேற்காடு பக்கம் ஓடிய வண்டியா? உப்புக்காற்று சேஸிஸை அரித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதிகாலையில் போய், ஆறிக் கிடக்கும் இன்ஜினை நீங்களே உதைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.