கடற்புழுவின் மரபேட்டைப் படித்த வரலாறு



ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் நீளமுடைய ஒரு புழுவுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி நிதிக்குழுக்களின் முன் எழுவதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், உடல் சிறியதாயின் பணியும் சிறியதாகவே இருக்கும் என்ற அனுமானம் அதனுடன் சேர்ந்து வருவதுதான் தவறு.

இத்தாலியின் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் லிக்னானோ என்னும் ஊரையொட்டிய மணலில் கண்டெடுக்கப்பட்ட தட்டைப்புழு ஒன்றுக்கு 2005-ஆம் ஆண்டில் மாக்ரோஸ்டோமம் லிக்னானோ என்று முறைப்படி பெயரிடப்பட்டது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தினர் அதனை ஆய்வகத்தில் பேணி வளர்த்தனர். ஒரு கண்ணாடித் தட்டு, கடல்நீர், உணவாக நுண்பாசி; இவையே அதற்குப் போதும். ஒளி ஊடுருவும் அதன் உடலில் ஏறக்குறைய 25,000 உயிரணுக்களே உள்ளன. தொண்டைக்குக் கீழே துண்டித்தால் இழந்த பகுதி மீண்டும் வளர்கிறது. மூளையை இழந்தால் வளர்வதில்லை. வளரும் பகுதிக்கு வேண்டிய உயிரணுக்களைத் தருபவை உடலெங்கும் பரவியுள்ள ஸ்டெம் செல்களாகும். இவை எந்த ஆணைக்கு உட்பட்டுப் பெருகுகின்றன, எப்போது நிற்கின்றன என்பதை அறிய அப்புழுவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படிப்பது இன்றியமையாததாயிற்று.

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தைச் சார்ந்த குழுவினர் இப்பணியின் முடிவை 2015-இல் வெளியிட்டனர். குறுந்துண்டுகளாக டி.என்.ஏ.வைப் படிக்கும் மலிவான முறையே அன்று எங்கும் வழக்கிலிருந்தது. அம்முறை இங்குப் பயன் தரவில்லை. கிடைத்த துண்டுகளை இணைத்துப் பார்த்தபோது, தொகுப்பின் பாதி 222 எழுத்துகளுக்கும் குறைந்த சிதறல்களாகவே நின்றது. ஒரு மரபணுவோ பெரும்பாலும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்டது.

காரணம், இப்புழுவின் மரபேட்டில் ஏறத்தாழ 75 விழுக்காடு திரும்பத் திரும்ப வரும் தொடர்களாக இருந்தமையே. பழைய கிரயப் பத்திரங்கள் பலவற்றைக் கிழித்துக் கலந்துவிட்டதாகக் கொள்க. ‘மேற்படி’ என்ற சொல் மட்டும் உள்ள துண்டு எந்தப் பத்திரத்தின் எந்த வரியைச் சேர்ந்தது என்று எந்த எழுத்தராலும் கூற இயலாது. துண்டுகளின் எண்ணிக்கையை எவ்வளவு பெருக்கினாலும் இக்குறை தீராது. துண்டின் நீளத்தைக் கூட்டினால்தான் தீரும். எனவே, ஒரே மூச்சில் பல்லாயிரம் எழுத்துகளைப் படிக்கும் பேக்பயோ கருவியைக் கொண்டு, ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 130 முறை படித்தனர். அதன்பின் தொகுப்பின் பாதி, 64,000 எழுத்துகளோ அதற்கு மேலோ கொண்ட துண்டுகளாக அமைந்தது. விலை குறைந்த கருவியையே வாங்குக என்று வற்புறுத்தும் கொள்முதல் விதிகள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

இதனோடும் தொல்லை ஓயவில்லை. ஆய்வகத்தில் பரவலாக வளர்க்கப்பட்ட புழு வகையில் குரோமோசோம்கள் எட்டாக இல்லாமல், பெரும்பாலும் பத்தாக இருந்தமை 2016-இல் தெரியவந்தது! அடுத்த ஆண்டில் நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள், எட்டே குரோமோசோம்கள் கொண்ட வேறொரு வகையைத் தேர்ந்து, அதன் முட்டையில் ஒளிரும் மரபணுவை ஊசி வழியே செலுத்தித் தலைமுறைகளுக்கும் தொடரச் செய்தனர்.

இதனால் இந்தியாவுக்கு ஆவதென்ன? கால்நடைகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவும், மூளையில் தங்கி வலிப்பு நோய்க்குக் காரணமாகும் பன்றி நாடாப்புழுவின் இளநிலையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இரத்தப் புழுக்களின் மரபேடு 2009-இலும், நாடாப்புழுக்களின் மரபேடு 2013-இலும் வெளிவந்தன. கொழுப்பு அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும் திறன் இவற்றுக்கு இல்லை. பிற உயிரை அண்டி வாழ்வதால் அத்திறனை இழந்தன என்றே கருதப்பட்டது. ஆனால், 2018-இல் வெளியான நன்னீர்த் தட்டைப்புழு ஒன்றின் மரபேட்டில், அது சுதந்திரமாக வாழ்வதாயினும், அத்திறனுக்குரிய மரபணு காணப்படவில்லை. ஒட்டுண்ணி வாழ்க்கையின் விளைவு எது, இனத்தின் பழைய இயல்பு எது என்பதை ஒட்டுண்ணிகளை மட்டும் படித்துப் பிரித்தறிய முடியாது. மருந்துக்கு இலக்காகும் மரபணுவைத் தேடுவோர் நீரில் தனித்து வாழும் உறவினங்களின் மரபேட்டையும் இப்போது புரட்டிப் பார்க்கின்றனர்.