அயல்கூட்டத்தில் பார்த்தது



கேரளத்துக்குக் கண்டுணர்வுப் பயணம் போய் வந்தோம். சுரங்க மண்மேட்டையே பார்த்துப் பழகின கண்ணுக்குக் காயலும் தென்னையும் குளிர்ச்சிதான். ஆனால் மனசில் நின்றது குடும்பஸ்ரீ.

1998-ல் தொடங்கியது அது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரம் ஒருமுறை ஓர் உறுப்பினர் வீட்டில் கூடுகிறார்கள். வசூல் முடிந்ததும் யாரும் எழுந்து போவதில்லை. குடிநீர், தெருவிளக்கு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசி எழுதுகிறார்கள். அது வார்டு வழியாகப் பஞ்சாயத்துத் திட்டம் வரைக்கும் போகிறது.

நாம்? தவணை கட்டி, கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிறோம். கடன் நம் பெயரில். அதைச் செலவழிக்கிற முடிவு யார் கையில்? முடிவு நம்முடையதாக இல்லையென்றால், கட்டுகிற பாரம் மட்டும்தான் நமக்கு.

ஐஸ்லாந்து என்ற குட்டி நாட்டில் 1975 அக்டோபர் 24 அன்று பத்தில் ஒன்பது பெண்கள் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே சம உரிமைச் சட்டம் வந்தது. 1980-ல் ஒரு பெண் குடியரசுத் தலைவரானார்.

நாம் வேலையை நிறுத்த வேண்டாம். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் கூடுதலாக உட்காருவோம். தெருக்குறையைத் தீர்மான நோட்டில் எழுதிப் பேரூராட்சியில் கொடுப்போம். எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.