குறிலோசையும் முதல் வாசிப்பும்



தொடக்க வகுப்புகளில் வாசிப்புக் கற்பித்தலை ஆராயக் கூடியுள்ள இம்மாநாடு தன் முதல் அமர்வைக் குறில் உயிர்களுக்கு ஒதுக்கியிருப்பது மிகப் பொருத்தமானது. ஏனெனில் 247 எழுத்துகள் குழந்தைக்குச் சுமை என்ற பேச்சு நெடுங்காலமாக நிலவினாலும், முதல் வகுப்பில் வாசிப்பு இடறும் இடங்கள் பல அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து ஓசைகளைச் சுற்றியே அமைந்துள்ளன.

எழுத்தொலிக்கும் கால அளவை இலக்கண நூலார் மாத்திரை என்பர். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுத்து, குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் என வகுத்தது. இந்த அளவை வகுப்பறைக்குள் அப்படியே கொண்டுவரலாம்: கல், கால் என்றும், முடி, மூடி என்றும், தொடு, தோடு என்றும் இணைச்சொற்களை ஆசிரியர் சொல்ல, குழந்தைகள் குறிலுக்கு ஒரு முறையும் நெடிலுக்கு இரு முறையும் விரல் நொடித்துக் காட்டினால், எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்பே காது வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ‘ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா’ என்று எழுத்துப் பெயர்களை ஓதவைக்கும் பழைய வழக்கம் குறிலின் பெயரையே நெடிலாக நீட்டிவிடுவதால், காது பிடித்ததை வாய் கலைத்துவிடுகிறது. அகரம், ஆகாரம் என்னும் இலக்கணப் பெயர்கள் அளவைச் சிதைக்காதவை. எனினும் தொடக்க நிலையில் பெயர் எதுவும் வேண்டாம், ஓசை மட்டும் போதும் என்பதே சரியான வழி.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று பாடநூல்களில் போதிய கவனம் பெறாமல் இருக்கிறது. தமிழகப் பேச்சு வழக்குகள் பெரும்பாலானவற்றில், சொல்லின் முதலில் நிற்கும் இகர உகரங்கள், ஒற்றை மெய்யை அடுத்து அகரமோ ஐகாரமோ வரும்போது, முறையே எகர ஒகரங்களாகத் தாழ்ந்து ஒலிக்கின்றன. இலை ‘எலை’ ஆகிறது. இடம் ‘எடம்’, உதடு ‘ஒதடு’, உலகம் ‘ஒலகம்’ ஆகின்றன. குடையோ ‘கொடை’ ஆகி, ஈகையைக் குறிக்கும் சொல்லோடு ஓசையில் ஒன்றிவிடுகிறது. இது நாக்குச் சோம்பலோ பிழையோ அன்று. விதி பிறழாமல் நிகழும் ஒலிமாற்றம். அப்படியிருக்க, இகரத்துக்கு இலையையும் உகரத்துக்கு உரலையும் படமாகக் காட்டும் அரிச்சுவடி மரபு, எந்தச் சொற்களில் அவ்வோசைகள் குழந்தையின் வாயில் இல்லையோ அந்தச் சொற்களையே தேர்ந்தெடுத்துவிட்டது. இலையின் படத்தைக் கண்டு ‘எலை’ என்று சொல்லும் குழந்தை, சில பக்கங்கள் தள்ளி எகரத்துக்கு எலியைக் காணும்போது, ஒரே ஓசைக்கு இரண்டு எழுத்துகள் ஏன் என்று குழம்புவது அதன் செவி கூர்மையாக இருப்பதற்கே சான்று. இஞ்சி, இட்லி, உப்பு, உண்டியல் போன்ற சொற்களில் இகர உகரங்கள் வீட்டுப் பேச்சிலும் மாறாமல் நிற்பதால், பாடம் அவற்றிலிருந்து தொடங்கலாம். இணைச்சொற்களிலும் இதே எச்சரிக்கை தேவை: விடு, வீடு என்னும் இணை பார்வைக்கு அழகானது, ஆயினும் பல ஊர்களில் விடு என்பது ‘வுடு’ என்றே ஒலிக்கிறது.

உப்பு என்னும் சொல்லில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் முதல் உகரம் இதழ் குவிந்து ஒரு மாத்திரை ஒலிக்க, இறுதி உகரம் இதழ் குவியாமல் அரை மாத்திரையாகக் குறைகிறது; இதுவே குற்றியலுகரம். எனவே உகரத்தைச் சொல்லின் முதலில் வைத்துக் கற்பிக்க வேண்டுமேயன்றி, காது, பட்டு என இறுதியில் வைத்து அன்று.

எழுத்து வடிவம் தரும் இடர்கள் வேறு வகையின. அகரத்துக்கு உயிர்மெய்யில் குறியே இல்லை. ‘கெ’ என்பதில் மெய்யோசை முதலில் ஒலித்தாலும் உயிர்க்குறி முதலில் கண்ணில் படுகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் வேறுபாடின்றி எழுதப்பட்ட எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகே வடிவத்தால் தெளிவாகப் பிரிந்தன. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலியவற்றைச் சீராக்கியபோதிலும் உகர வரிசையைத் தொடவில்லை. ஆகவே கு, டு, து, பு ஆகியவற்றைக் குழந்தை இன்றும் தனித்தனி வடிவங்களாகவே மனத்தில் இருத்த வேண்டியுள்ளது. இவற்றுக்குக் காலமும் பயிற்சியும் போதும். புதிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை.

மதிப்பீட்டில்தான் பெரும் பொறுப்பு உள்ளது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வாசிப்பின்மீது கவனத்தைத் திருப்பியுள்ள இக்காலத்தில், ‘இடம்’ என்று அச்சிட்டதை ‘எடம்’ என்று வாசிக்கும் குழந்தையைப் பிழையாக வாசித்ததாகக் குறித்துவிடுவது பெரும் அநீதி. அக்குழந்தை எழுத்தை அறிந்து, சொல்லை உணர்ந்து, தன் வீட்டு மொழியில் அதை ஒலித்திருக்கிறது. மாறாக, ‘முடி’யை ‘மூடி’ என்று வாசிக்கும் குழந்தைக்கு உடனடி உதவி தேவை. இவ்விரண்டையும் பிரித்துக் கேட்கும் செவி ஆசிரியப் பயிற்சியிலேயே உருவாக்கப்பட வேண்டும்.

ஆதலால் பிற்பகல் அமர்வுகளில் கூடும் ஆசிரியர்களும் மொழியியலாரும் இணைந்து, தத்தம் மாவட்ட வழக்கில் ஓசை மாறாத சொற்களை ஐந்து குறில்களுக்கும் திரட்டி ஒப்பிட வேண்டும் என்பது இத்தலைமையின் வேண்டுகோள். எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாக எஞ்சும் சொற்கள் சிலவாயினும், அடுத்த பாடநூல் திருத்தக் குழுவின் முன் வைக்க அப்பட்டியல் போதுமானது.