பெயர் எழுதாத வினாத்தாள்



குளிர்காலத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமே சூரியனைக் காண்கிற ஐஸ்லாந்து தேசத்தில், 1990-களின் வெள்ளிக்கிழமை இரவுகளில் தலைநகர் ரெய்க்யவிக்கின் வீதிகளில் நடக்கப் பெரியவர்களே அஞ்சினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மதுவெறியில் கூட்டங்கூட்டமாகத் திரிந்ததே அதற்குக் காரணம். பதினைந்து, பதினாறு பிராயத்தினரில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்திற்குள் போதை ஏறக் குடித்திருந்தார்கள் என்றும், 23 பேர் நாள்தோறும் புகைத்தார்கள் என்றும் 1998-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்லிற்று. 2016-இல் அவ்விரண்டு தொகைகளும் 5 என்றும் 3 என்றும் இறங்கிவிட்டன. இதற்குக் காரணமாகச் சட்டங்களைச் சொல்வதே வழக்கம். ஆனால் அச்சட்டங்களுக்கெல்லாம் முன்னே நின்ற ஒரு வினாத்தாளே பிரதானமென்பது என் அபிப்பிராயம்.

1992 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் வழங்கப்பட்ட அந்த வினாத்தாளில் மாணவன் தன் பெயரையோ அடையாள எண்ணையோ எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் வெற்று உறையிலிட்டுத் தானே ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஆசிரியரோ தகப்பனாரோ பார்த்துவிடுவார் என்ற பயம் இருக்கும்வரையில் எந்தப் பிள்ளையும் மெய்யை எழுதப் போவதில்லை என்பதை ஆய்வாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பயம் நீங்கியபின் வீம்புக்காக மிகைப்படுத்தி எழுதுகிறவர்களும் உண்டல்லவா? 1995 முதல் ஐரோப்பியப் பள்ளிகளில் நடந்துவரும் மற்றொரு பேராய்வு இதற்கும் ஓர் உபாயம் கண்டது: போதைப் பொருள்களின் பட்டியலில், உலகில் எங்குமே இல்லாத ‘ரெலெவின்’ என்ற கற்பனைப் பெயரொன்றையும் சேர்த்துவிட்டார்கள். அதை உட்கொண்டதாக எழுதுகிறவர்களின் தொகை, மற்ற விடைகளை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டிவிடும்.

ஆயினும், ஐஸ்லாந்து வினாத்தாளின் சிறப்பு குடியைப் பற்றிக் கேட்டதில் இல்லை. குடும்பத்தைப் பற்றிக் கேட்டதில்தான் இருக்கிறது. மாலையில் நீ யாருடன் இருக்கிறாய் என்பது உன் பெற்றோருக்குத் தெரியுமா, அவர்களோடு எவ்வளவு பொழுது கழிக்கிறாய், விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிறாயா என்றெல்லாம் விசாரித்த அக்கேள்விகளுக்கு வந்த விடைகளிலிருந்து, வீட்டாரோடு அதிகப் பொழுது கழிக்கிற பிள்ளைகளும், முறையான பயிற்சிக்கு வாரத்தில் பல நாள் போகிற பிள்ளைகளும், இரவில் வெளியே சுற்றாத பிள்ளைகளும் போதையை நாடுவது குறைவு என்று தெரியவந்தது. போதையின் தீமைகளைப் போதித்துப் போதித்துச் சலித்திருந்த அத்தேசத்தார்க்கு இது புதிய வழியைத் திறந்தது.

பதின்மூன்று முதல் பதினாறு வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் துணையின்றி வெளியே இருக்கலாகாதென்ற விதியை நிலைநிறுத்துவதற்காக, பெற்றோர்கள் தாங்களே குழுவாகச் சேர்ந்து வாரக்கடைசி இரவுகளில் தெருத்தெருவாக நடந்தார்கள். விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் கட்டணம் செலுத்தப் பிள்ளைக்கு இவ்வளவு என்று ரெய்க்யவிக் நகரசபை பணம் தந்தது. வேலை நாள்களில் பெற்றோரோடு அடிக்கடி பொழுது கழிப்பதாகச் சொன்ன பிள்ளைகள் 1997-இல் நூற்றுக்கு 23, 2012-இல் 46.

இவ்வளவும் இம்முயற்சி ஒன்றினாலேயே நேர்ந்ததென்று சாதிப்பது நியாயமாகாது. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளைஞரிடையே புகைப்பழக்கமும் குடியும் குறைந்தன. மேலும், சேர்ந்தே காணப்படுகிற இரண்டில் ஒன்று மற்றதற்குக் காரணமென்று இத்தகைய ஆய்வு தானாக நிரூபித்துவிடாது.

எனினும், திரட்டிய விவரங்களை ஆவண அறையில் பூட்டி வைக்காமல், சில மாதங்களுக்குள்ளாகவே அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் திருப்பித் தந்து, ‘உங்கள் பிள்ளைகள் சொன்னது இது’ என்று பெற்றோர் முன்னிலையில் வைத்த அந்தச் சிரத்தையை நான் மிகவும் போற்றுகிறேன். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிய புள்ளிவிவரமென்று ஒதுக்கிவிட அங்கே எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் இடமிருக்கவில்லை. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் கால்வே, மேயோ, ராஸ்காமன் ஆகிய மாவட்டங்கள் 2018-இல் இதே முறையைக் கைக்கொண்டு, தங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் முதன்முறையாக வினாத்தாள்களைக் கொடுத்தன.