பத்து விநாடி பொறுங்கள்
(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். ஆட்டிசம் உள்ள, மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பையனுக்குத் தாத்தா. அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

விளையாட்டுத் திடலில் கத்துகிற பிள்ளைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சங்கத்துக்கு ஒரு மனு வந்திருக்கிறது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆட்டிசம் தொற்று நோய் அல்ல. வளர்ப்புக் குறையாலோ, தடுப்பூசியாலோ வருவதும் அல்ல. அது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் இப்படிப்பட்ட 11 பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதினார். நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் பட்டியலிடும் 21 வகைகளில் இதையும் சேர்த்திருக்கிறது.

போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கினால், சின்னப் பிள்ளைகள் விரலை நீட்டி "அங்க பாரு தாத்தா" என்பார்கள். நாம் பார்க்கிறோமா என்று நம் முகத்தையும் பார்ப்பார்கள். ஒரே பொருளை இரண்டு பேர் சேர்ந்து கவனிப்பது இது. பேச்சும் நட்பும் இதிலிருந்துதான் வளர்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இது எளிதில் வராது.

அதற்காகக் கவனமே இல்லை என்று நினைக்காதீர்கள். என் பேரன் முன்னால் ஏலக்காய்த் தட்டை வைத்தால் பச்சைக் காய் தனி, வெளிறிய காய் தனி என்று அரை மணி நேரம் பிரிப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு காயைத் தப்பான குவியலில் வைப்பேன். நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையில்தான் எங்கள் பேச்சு ஆரம்பிக்கும். அவனுக்குப் பிடித்த இடத்துக்கு நாம் போனால்தான், பிறகு அவன் நம் பக்கம் வருவான்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்பதில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் பெற்றோரைச் சந்தித்து, அவர்கள் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதையே போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவது அதிகரித்தது. குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முன்னேற்றம் தெரிந்தது.

நீங்கள் செய்யக்கூடியவை இவை:

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தை, சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டால் வர இருந்த பதிலும் நின்றுவிடும்.

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்த வேண்டாம். நம் கேள்வியையே அவன் திருப்பிச் சொன்னால் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் பேச்சுதான்.

உங்கள் பிள்ளைகளைப் பந்து உருட்டச் சொல்லுங்கள்: "என் முறை, உன் முறை." பேங்க் டோக்கன் மாதிரி, காத்திருந்தால் தன் நம்பர் வரும் என்ற நம்பிக்கைதான் முதல் பாடம்.

அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், ஜெனரேட்டர் சத்தமோ வெடிச் சத்தமோ தாங்கவில்லை என்று பொருள். அதட்டாதீர்கள், சத்தம் குறைந்த இடத்துக்குப் போக வழிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சந்தேகம் இருந்தால் "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று நாள் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு; தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

சங்கத்திடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த மனுவை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை நான் திடலில் இருப்பேன். உங்கள் பிள்ளைகளை ஒரு பந்தோடு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்துக்கொள்வோம். முடிவு எதுவானாலும் கட்டுப்படுகிறேன்.