ரிப்போர்ட் நார்மல்... அம்மா நார்மலா?



நோயாளியின் நல்வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது மருந்தா, குடும்பமா? குடும்பமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னாடி பேசின அம்மையார், "தைராய்டா? தினம் ஒரு மாத்திரை, கதை முடிஞ்சது" என்றார்கள். நடுவர் அவர்களே, கதை அங்கேதான் ஆரம்பிக்குது! (கைதட்டல்)

கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் ஓடணும் என்று கட்டளையிடுவது அதுதான். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்கினால்? வேலியே பயிரை மேய்ந்த கதை! 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ இந்த நோயை எழுதி வைத்தார். அவர் விவரித்தது நாலு நோயாளிகளை. நாலு பேருமே பெண்கள். இன்றைக்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம்.

சுரப்பி சோர்ந்தால் என்ன ஆகும்? அசதி. எல்லாருக்கும் வேர்க்கும்போது அவளுக்கு மட்டும் குளிரும். முடி கொட்டும், எடை ஏறும், மறதி வரும், மனசு காரணமில்லாம கலங்கும். கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தா ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பார்ப்போம். அசதின்னு சொன்னா? "உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பு பெருத்துப் போச்சு" என்போம்! (சிரிப்பு) சிரிச்சிட்டீங்க. அந்தச் சொல்லைக் கேட்டவள் அன்னிக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்.

மாத்திரை வேண்டாம்னு நான் சொல்லலை. டாக்டரைக் கேட்காம ஒருநாளும் நிறுத்தக் கூடாது. ஆனா அதை எப்படிச் சாப்பிடணும்? காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் காபிகூடக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேணும். எழுந்ததும் அடுப்படிக்கு ஓடி, ஒரு வாய் காபியோடு டிபன், டப்பா என்று பறக்கிறவளுக்கு இது நினைவிருக்குமா? "மாத்திரை போட்டாச்சா? காபியை நான் கலக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேணும். அந்த ஆள் மருந்துக்கடையில் கிடைப்பாரா? (பலத்த கைதட்டல்)

மருந்தின் அளவை மாத்தினா, 6 முதல் 8 வாரம் கழிச்சுத்தான் மறுபடி ரத்தப் பரிசோதனை. நம்ம வீட்டிலே எட்டாம் நாளே, "இன்னுமா சரியாகலை?"

சரி, டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்தாச்சு. அப்புறமும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அசதியும் மனச்சோர்வும் விடுவதில்லை என்று மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. ரத்தசோகையா, தூக்கக் குறையா, வேறு காரணமா என்று தேடணும். அதற்கு அவள் வாய் திறந்து சொல்லணும். அவள் சொல்வதை வீடு நம்பணும்! டென்மார்க் ஆய்வாளர்கள் தைராய்டு நோயாளிகளுக்கென்றே 80க்கும் மேற்பட்ட கேள்விகளைத் தயாரித்தார்கள். அசதி, கவலை, அன்றாட வேலை, பிறரோடு பழகுவது எல்லாம் அதில் உண்டு. ரத்தத்தைக் கேட்டால் மட்டும் போதாது, ஆளையும் கேட்கணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம 80 கேள்வி கேட்க வேண்டாம். "இன்னிக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்போமே!

மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நாலு கூறாக்கினார். நோயாளி, மருத்துவர், மருந்து. நாலாவது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவர். எதிரணியினர் மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். அந்த நாலாவது ஆள் நீங்களும் நானும்தான். ஆகவே, குடும்பமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.